வீட்டுக்குள் துப்பாக்கி: வாங்கலாமா, வேண்டாமா?

டல்லாஸ் சுற்றுவட்டாரத்தில் நம்ம ஆட்கள் நாலு பேர் ஒரு பிறந்தநாள் பார்ட்டியில் சந்தித்தால் பேச்சு எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். கிரீன் கார்டு, வீட்டு வரி, பசங்களோட கணக்கு கிளாஸ், ஊருக்கு டிக்கெட் விலை. கொஞ்ச வருஷமாக இந்தப் பட்டியலில் இன்னொன்று சேர்ந்திருக்கிறது. பிரியாணித் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "நீங்க கன் வாங்கிட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். கேட்பவர் கரூர், திருச்சி, மதுரை என்று எங்கிருந்தோ வந்த சாப்ட்வேர் ஆள். தீபாவளிக்குச் சுருள் கேப் போட்டு வெடித்த பொம்மைத் துப்பாக்கியைத் தவிர வேறு எதையும் தொட்டிருக்க மாட்டார்.

இந்தக் கேள்வி சும்மா வரவில்லை. நம்ம வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது இங்கே திருடர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஹூஸ்டனைச் சேர்ந்த ஒரு பெண் தலைமையில் இயங்கிய கும்பல், இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளாகப் பார்த்துப் பட்டியல் போட்டு, ஜார்ஜியா, நியூயார்க், ஓஹியோ, மிச்சிகன், டெக்சாஸ் என்று மாநிலம் மாநிலமாகப் போய் ஆட்களைக் கட்டிப்போட்டுக் கொள்ளையடித்தது. 2019-ல் அந்தப் பெண்ணுக்கு 37 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது. 2017-ல் கான்சாஸ் மாநிலம் ஒலேத்தாவில் வேலை முடிந்து பாருக்குப் போன இந்தியப் பொறியாளர் ஒருவரை, "என் நாட்டை விட்டுப் போ" என்கிற வெறியில் ஒருவன் சுட்டுக் கொன்றான். 2023 மே 6, சனிக்கிழமை. எங்கள் பக்கத்து ஊரான ஆலனில் உள்ள அவுட்லெட் மாலில் ஒருவன் எட்டுப் பேரைச் சுட்டுக் கொன்றான். அதில் ஒருவர் தெலங்கானாவிலிருந்து வந்த இளம் பொறியாளர். நாங்கள் குழந்தைக்கு ஷூ வாங்கும் மால் அது.

அந்த வார இறுதி முழுக்க வாட்ஸ்அப் குழுக்கள் ஓயவில்லை. திங்கட்கிழமை இரவு என் மனைவி சொன்னாள்: "ஏங்க, வாங்கறோமோ இல்லையோ, முதல்ல கத்துக்கலாம். அது என்னன்னே தெரியாம பயப்படறது எனக்குப் பிடிக்கல."

கத்துக்கலாம் என்பதற்கு முன்னால் சட்டம் ஒன்று இருக்கிறது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை என்பதால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். எச்-1பி, எச்-4, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்க மத்திய அரசின் சட்டம். சில விதிவிலக்குகள் உண்டு. முக்கியமானது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம். அது இல்லாமல் நண்பன் கூப்பிட்டான் என்று ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் வாங்கிப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடும் எச்-1பி தம்பிகளைப் பார்த்தால் எனக்கு அடிவயிறு கலங்கும். கையில் பிடிப்பதும் வைத்திருப்பதுதான் என்பார்கள் வழக்கறிஞர்கள். துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை வந்தால், குடியுரிமை இல்லாதவர் யாராக இருந்தாலும் நாடு கடத்த அதுவே காரணமாகலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் இது பொருந்தும். பத்து வருஷம் வரிசையில் நின்று வாங்கிய அட்டையை ஒரு போட்டோவுக்காக யாராவது பணயம் வைப்பார்களா?

எங்களுக்கு 2022-ல் கிரீன் கார்டு வந்துவிட்டது. நிரந்தரக் குடியிருப்பாளர் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். டெக்சாஸில் 2021 செப்டம்பர் 1 முதல், சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கத் தடையில்லாத, 21 வயது நிரம்பியவர் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடலாம். கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டும், முடி வெட்ட லைசென்ஸ் வேண்டும், இதற்கு வேண்டாம். பயிற்சி கட்டாயமா? இல்லை. நாங்கள் கற்றது எல்லாம் நாங்களாகவே காசு கட்டிக் கற்றது.

ரேஞ்ச் என்றதும் நான் ஏதோ பாலைவனத்தில் பாட்டில் அடுக்கிச் சுடுவது போலக் கற்பனை செய்து வைத்திருந்தேன். நிஜத்தில் அது போலிங் விளையாடும் இடம் மாதிரி இருந்தது. முன்னால் கடை, கவுண்டர், காபி மெஷின். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் வரிசையாக லேன்கள். பள்ளியிலிருந்து நேராக வந்தது போல அடையாள அட்டையோடு ஒரு டீச்சர், தாத்தாவும் பேத்தியும், ஆஸ்பத்திரி உடுப்பில் ஒரு நர்ஸ். நாங்கள் போன அன்று இரண்டு லேன் தள்ளித் தெலுங்கு கேட்டது.

பயிற்சியாளர் அறுபது வயதுக்காரர். முப்பது வருஷம் காவல் துறையில் இருந்தவர். முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் துப்பாக்கியைக் கண்ணிலேயே காட்டவில்லை. என் மனைவியிடம் முதலில் கேட்ட கேள்வி, "கர்ப்பமா இருக்கீங்களா?" தோட்டாவில் ஈயம் இருக்கிறது. சுடும்போது அந்தத் தூசு காற்றில் கலக்கும். உள்ளரங்க ரேஞ்ச் கர்ப்பிணிகளுக்கு ஆகாது, சத்தமும் வயிற்றுக் குழந்தைக்கு நல்லதில்லை. சுட்டு முடித்ததும் குளிர்ந்த தண்ணீரில் சோப்பு போட்டுக் கை கழுவணும், கழுவும் வரை எதையும் சாப்பிடக் கூடாது, ஷூவை வீட்டு வாசலுக்கு வெளியே விடணும், அந்தத் துணியோடு குழந்தையைத் தூக்கக் கூடாது. செருப்பை வாசலில் விடுவது நமக்குப் புதுசு இல்லை. அமெரிக்கர்களுக்குத்தான் அதை அவர் மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கிறதாம்.

பிறகு நான்கு விதிகள். உலகம் முழுக்கத் துப்பாக்கி சொல்லிக்கொடுப்பவர்கள் வேதம் மாதிரி ஓதும் நான்கு விதிகள். எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் குண்டு ஏற்றியது என்றே நினை. எதை அழிக்க மனசில்லையோ அதன் பக்கம் குழலைத் திருப்பாதே. குறி வைத்துச் சுட முடிவெடுக்கும் வரை விரலை டிரிக்கர் மேல் வைக்காதே. உன் இலக்கு என்ன, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்துகொள். முதல் மூன்றும் ரேஞ்சில் ஒரு வாரத்தில் கைக்குப் பழகிவிடும். நாலாவதை வீட்டுக்குக் கொண்டு வந்தபோதுதான் தூக்கம் போனது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் .22 காலிபர். சின்னத் தோட்டா, அதிர்வு குறைவு, விலையும் மலிவு. அதில் ஆளுக்கு நூறு குண்டு. அப்புறம் 9 மில்லிமீட்டர் கிளாக் 19. பதினைந்து குண்டு கொள்ளும் மேகசின், பாதி பிளாஸ்டிக் உடம்பு, கையில் எடுத்தால் குக்கர் வெயிட் மாதிரி அடங்கி உட்காரும். சினிமாவில் பார்ப்பது போலத் தனியாக ஒரு சேஃப்டி பட்டன் இதில் கிடையாது. டிரிக்கரிலேயே ஒரு சின்ன நாக்கு இருக்கும். விரல் அதை முழுசாக அழுத்தினால்தான் சுடும். அதாவது விரல் போகக் கூடாத நேரத்தில் போகாமல் இருப்பதுதான் சேஃப்டி. நம்ம ஹீரோக்கள் மேகசின் மாற்றாமல் ஐம்பது பேரைச் சுடுவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, பதினைந்து குண்டு எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதே ஆச்சரியம்.

சத்தம்தான் முதல் எதிரி. காதுக்குள் பஞ்சு அடைப்பான், அதன் மேல் மஃப், இரண்டும் போட்டும் பக்கத்து லேனில் யாராவது ரைஃபிள் எடுத்தால் சத்தம் காதில் கேட்காது, நெஞ்சில் கேட்கும். தீபாவளி வாசனை வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. பட்டாசு கந்தகம் கலந்த கரிமருந்து. இது புகையற்ற மருந்து, வாசனை வேறு, கொஞ்சம் காரமான பெயின்ட் மாதிரி. வெளியே தெறிக்கும் காலித் தோட்டா கொதிக்கும். கழுத்து இறங்கிய சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று போர்டே வைத்திருக்கிறார்கள். ஒருமுறை ஒன்று என் மனைவியின் துப்பட்டா மடிப்பில் போய் உட்கார்ந்தது. துப்பாக்கியை முன்பக்கம் பார்த்தபடியே நிதானமாகக் கீழே வைத்துவிட்டு, அப்புறம்தான் குதித்தாள். பயிற்சியாளர் கைதட்டினார். குண்டு இலக்கில் பட்டதற்கெல்லாம் அவர் கைதட்டியதே இல்லை.

ஸ்லைடை இழுக்க அவளுக்கு முதலில் வரவில்லை. அது உள்ளங்கை பலம் இல்லை, முறைதான் என்று சொல்லிக்கொடுத்தார். ஸ்லைடை இழுக்கப் போகாதே, அதை ஒரு கையால் அப்படியே பிடித்துக்கொண்டு, பிடிக்கையை முன்னால் தள்ளு. தேங்காய் திருகும்போது கை எப்படி உடம்போடு ஒட்டி வேலை செய்யுமோ அப்படி. இரண்டாவது நாள் என்னைவிடச் சுலபமாகச் செய்தாள்.

சுடுவதில் ஒரு வினோதம் சொல்ல வேண்டும். வலதுகைக்காரர் புதிதாகச் சுட்டால் குண்டு பெரும்பாலும் இலக்கின் கீழே, இடது பக்கமாகப் போய்ச் சேரும். காரணம் துப்பாக்கி இல்லை. வெடிக்கப் போகிறது என்று உடம்புக்குத் தெரியும், அரை நொடி முன்னாலேயே மணிக்கட்டு கீழே அமுக்கிவிடும். இதைக் கண்டுபிடிக்க அவர் மேகசினில் நமக்குத் தெரியாமல் நடுநடுவே டம்மித் தோட்டாவைக் கலந்துவிடுவார். வெடிக்கும் என்று நினைத்து அழுத்துவோம், வெடிக்காது, ஆனால் குழல் மட்டும் தலை குனியும். நம் பயம் நம் கண்ணெதிரே தெரியும். நான் பதினைந்து வருஷமாகப் பிழை திருத்தும் வேலை செய்கிறேன். இவ்வளவு சுத்தமான டெஸ்ட் கேஸ் பார்த்ததில்லை. அதற்கு மருந்து, வீட்டில் குண்டே இல்லாமல் டிரிக்கர் அழுத்தும் பயிற்சி. குழல் மேல் ஒரு காசை நிறுத்தி, அது விழாமல் நூறு முறை.

ஆறு மாதம் இப்படிப் போனது. வாரம் விட்டு வாரம் சனிக்கிழமை காலை. குழந்தையை நடன வகுப்பில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், எங்கள் இருவருக்கும் பல வருஷத்துக்குப் பிறகு கிடைத்த நிம்மதியான ஒரு மணி நேரம் அது. போனைப் பார்க்க முடியாது. பேசவும் முடியாது, காதில் மஃப். முன் குறி, மூச்சு, டிரிக்கர், அவ்வளவுதான் உலகம். டெக்சாஸ் உரிமத் தேர்வும் எழுதினோம். இப்போது அது கட்டாயம் இல்லை என்றாலும் வேறு மாநிலங்களில் செல்லும் என்பதால் பலர் எடுக்கிறார்கள். வகுப்பு நாலு முதல் ஆறு மணி நேரம், அரசுக் கட்டணம் 40 டாலர். சுடும் தேர்வில் 50 குண்டு. மூன்று கெஜத்தில் 20, ஏழு கெஜத்தில் 20, பதினைந்து கெஜத்தில் 10. மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் பாஸ். மனைவி 246. நான் எவ்வளவு என்பது இந்தக் கட்டுரைக்குத் தேவையில்லாத விஷயம்.

அந்த வகுப்பில் முக்கால்வாசி நேரம் சட்டம்தான். டெக்சாஸ் தண்டனைச் சட்டம் ஒன்பதாவது அத்தியாயம். ஒருவன் உங்கள் வீட்டுக்குள் அத்துமீறி வலுக்கட்டாயமாக நுழைந்தால், உயிருக்கு ஆபத்து என்று நீங்கள் நினைத்தது நியாயம்தான் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும். பின்வாங்கி ஓட வேண்டிய கட்டாயம் இல்லை. வீடு ஒரு கோட்டை என்பார்கள். நம்ம ஆட்கள் கேட்கிற கேள்வி எப்போதும் இங்கேதான் நின்றுவிடுகிறது: "அப்போ சுடலாம்தானே?" பயிற்சியாளர் சொன்ன பதில் எனக்குப் பிடித்தது. "சட்டம் கேட்கும் கேள்வி வேறு, விடியற்காலையில் நீங்கள் உங்களையே கேட்கும் கேள்வி வேறு" என்றார். 1992-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜில், ஹாலோவீன் பார்ட்டிக்குப் போகிறேன் என்று வீடு மாறிக் கதவைத் தட்டிய 16 வயது ஜப்பானிய மாணவனை வீட்டுக்காரர் சுட்டுக் கொன்றார். "நில்" என்று ஆங்கிலத்தில் கத்தியிருக்கிறார், பையனுக்கு அந்தச் சொல் புரியாமல் போயிருக்கலாம். குற்றவியல் வழக்கில் விடுதலை. பின்னர் உரிமையியல் வழக்கில் ஆறரை லட்சம் டாலர் நஷ்டஈடு. 2023 ஏப்ரலில் கான்சாஸ் சிட்டியில், தம்பிகளைக் கூப்பிடப் போய் வீடு மாறி மணி அடித்த 16 வயதுக் கறுப்பினப் பையனை 84 வயது முதியவர் சுட்டார். பையன் பிழைத்தான். இந்த இரண்டு கதையிலும் நான் என்னை வீட்டுக்காரராக நினைத்துப் பார்க்கவில்லை. கதவைத் தட்டியவனாகத்தான் நினைத்துப் பார்த்தேன். நம்ம ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள். வீட்டு நம்பர் மாறி, கையில் சாம்பார் பாத்திரத்தோடு.

இப்போது நாலாவது விதி.

துப்பாக்கி கடையில் வாங்குவது அரை மணி நேர வேலை. 4473 என்று ஒரு படிவம், கிரீன் கார்டு எண்ணைப் போட வேண்டும், கடைக்காரர் எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனைக்குத் தகவலைக் கொடுப்பார், பெரும்பாலும் சில நிமிஷத்தில் பதில் வந்துவிடும். டெக்சாஸில் காத்திருப்புக் காலம் இல்லை. ஊரில் ஆயுதச் சட்டப்படி உரிமம் வாங்கப் போலீஸ் விசாரணை, கலெக்டர் ஆபீஸ் என்று மாதக்கணக்கில் அலையணும், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கணும். இங்கே பால் பாக்கெட் வாங்கப் போன ஆள் திரும்பும் வழியில் வாங்கி வந்துவிடலாம். வாங்குவது கஷ்டமே இல்லை. வைப்பதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் நோட்டுப் புத்தகத்தோடு வீட்டைச் சுற்றி வந்தோம். படுக்கையறையிலிருந்து கதவை நோக்கிச் சுட்டால் குண்டு எங்கே போகும்? நம்ம ஊர் வீடு என்றால் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். இங்கே மரச் சட்டம், அதன் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் பலகை. 9 மில்லிமீட்டர் குண்டுக்கு அது சுவரே இல்லை, திரைச்சீலை. ஒன்று இரண்டு அல்ல, பல உள்சுவர்களைத் துளைத்துக்கொண்டு போகும். எங்கள் அறைக் கதவுக்கு நேர் எதிரே, நடைபாதைக்கு அந்தப் பக்கம், குழந்தையின் அறை. அவள் கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தான் இருக்கிறது. முனை குழிந்த தோட்டா போட்டால் உடம்பில் பட்டதும் விரிந்து நின்றுவிடும் என்பார்கள். உடம்பில் பட்டால். குறி தவறினால் அதுவும் சுவரைத் துளைக்கும்.

கட்டிலை இடம் மாற்றலாம். மாற்றினோம். பிறகு மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்: "மாமா வந்தா?"

அப்பா வருஷா வருஷம் மே மாதம் வருவார். வந்த முதல் பத்து நாள் ஜெட் லேக். ராத்திரி இரண்டரை, மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். எங்களை எழுப்பக் கூடாது என்று லைட் போடாமல், செருப்பில்லாமல், சுவரைத் தடவித் தடவிக் கீழே போய், ஃபிரிட்ஜைத் திறந்து, சத்தம் வராமல் காபி போடப் பார்ப்பார். ஒருமுறை பின்கதவைத் திறந்து தோட்டத்துக்குப் போக, அலாரம் கத்தியது. காது கொஞ்சம் மந்தம். "யாரது?" என்று கத்தினால் பதில் வராது. இருட்டில், மெதுவாக, சத்தமில்லாமல், கூப்பிட்டால் பதில் சொல்லாமல் நடக்கும் ஓர் ஆண் உருவம். தற்காப்புப் புத்தகத்தில் ஊடுருவியவன் என்று படம் போட்டால் அது என் அப்பா மாதிரிதான் இருக்கும்.

"எனக்குச் சுடத் தெரியும்ங்க. நல்லாவே தெரியும். தூக்கத்துல எழுந்து, இருட்டுல, அது யாருன்னு எனக்குத் தெரியுமா?" என்றாள். 246 எடுத்தவள் கேட்கிறாள்.

இதற்கும் பதில் இருக்கிறது. பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்த முறை, வீட்டைச் சுற்றித் திருடனைத் தேடிப் போகாதே என்பதுதான். எல்லோரையும் ஒரே அறைக்குக் கூட்டு, கதவைப் பூட்டு, 911-ஐக் கூப்பிடு, கட்டிலுக்குப் பின்னால் மறைந்து கதவைக் குறிவைத்து உட்கார், அதை உடைத்துக்கொண்டு வந்தால் மட்டும் சுடு. நல்ல டார்ச் துப்பாக்கியைவிட முக்கியம். நியாயமான முறை. ஆனால் அதற்குத் துப்பாக்கி சில நொடியில் கைக்கு வரணும். கட்டிலோரம் விரல் ரேகைப் பெட்டி, உள்ளே குண்டு ஏற்றிய துப்பாக்கி. ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில். அவள் என் போனின் பாஸ்வேர்டை நாலு வயதிலேயே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தவள். 17 வயதுக்குக் கீழான குழந்தை கைக்கு எட்டும்படி குண்டு ஏற்றிய துப்பாக்கியை அலட்சியமாக விட்டால் டெக்சாஸில் அது குற்றம். சட்டத்தை விடுங்கள். சீக்கிரம் எடுக்கவும் முடியணும், குழந்தையால் எடுக்கவே முடியாமலும் இருக்கணும். ஒன்றைக் கூட்டினால் மற்றது குறைகிறது.

எண்களையும் பார்த்தேன், வேலைப் பழக்கம். அமெரிக்காவில் 2021-ல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். இதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள், பாதிக்கும் மேல். திருடன் பற்றி பிரியாணித் தட்டோடு பேசும் யாரும் இந்த எண்ணைப் பேசுவதில்லை. வேலை போனால் 60 நாளில் வேறு வேலை தேடு, இல்லையேல் நாட்டைவிட்டுக் கிளம்பு என்று விசாவில் வாழ்ந்த கூட்டம் நாம். நம்ம வீடுகளில் யாருக்கும் ஒரு கெட்ட ராத்திரி வராது என்று என்னால் சொல்ல முடியாது. இன்னொரு பக்கம், வீட்டில் ஆள் இருக்கும்போது திருட்டு நடப்பது எவ்வளவு? அமெரிக்க நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு 2003 முதல் 2007 வரை பார்த்ததில், வீட்டுத் திருட்டுகளில் சுமார் 28 சதவீதத்தில்தான் ஆள் இருந்திருக்கிறார். மீதி நேரம் வீடு காலி. காலி வீட்டில் துப்பாக்கி யாரையும் காப்பாற்றாது, அதுவும் சேர்ந்து திருடுபோகும்.

அந்த 28 சதவீதத்தில் விழுந்தவருக்கு இந்தக் கணக்கு ஆறுதல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும். ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் நிலத்தில், போலீஸ் வர முக்கால் மணி நேரம் ஆகும் இடத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். வீட்டில் அவரும் மனைவியும் மட்டும். அவர் படுக்கையோரம் துப்பாக்கி வைத்திருக்கிறார், நான் அவர் இடத்தில் இருந்தால் நானும் வைப்பேன். வாங்குபவர்கள் எல்லாம் வெறியர்கள் என்று ஊரிலிருந்து பேசுபவர்களுக்கு இங்குள்ள தூரமும் தனிமையும் புரியாது. அதே நேரம், ஒரு வகுப்பு கூடப் போகாமல், பிளாக் ஃபிரைடே தள்ளுபடியில் வாங்கி அலமாரியில் புடவைக்கு அடியில் சொருகி வைத்திருக்கும் நம்ம ஆட்களும் எனக்குத் தெரியும். பயம் போவதற்கு வாங்குகிறார்கள். நகைக்கும் துப்பாக்கிக்கும் ஒரே ஒளிவிடம்.

நாங்கள் என்ன செய்தோம்? முதல் வேலையாக நகையை பேங்க் லாக்கரில் வைத்தோம். ஆண்டுக்கு நூறு டாலர் சொச்சம். கதவு நிலையில் இருந்த முக்கால் அங்குல ஆணிகளைக் கழற்றிவிட்டு மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டேன், கடையில் எட்டு டாலர். உதைத்தால் திறக்கும் அமெரிக்கக் கதவுக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. வெளியே அசைவு தெரிந்தால் எரியும் விளக்கு, படுக்கையறைக்குக் கனமான கதவு, உள்ளே தாழ்ப்பாள். கீழே நடைபாதையில் இரவு முழுக்க எரியும் சின்ன விளக்குகள், அப்பாவுக்காக.

துப்பாக்கியும் வாங்கினோம். ஒரு .22. ரேஞ்சில் சுட. அது கராஜ் பக்கத்து அறையில், தரையோடு போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. தோட்டா வேறு பெட்டியில், வேறு மாடியில், வேறு சாவியில். ராத்திரி எழுந்து அதை எடுத்து, குண்டு போட்டு, கையில் பிடிக்க எனக்கு நாலு நிமிஷம் ஆகிறது. நேரம் வைத்துப் பார்த்தேன். பார்ட்டியில் ஒருவர் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டார். "அப்போ திருடன் வந்தா ஆகாதேங்க?"

ஆகாது. அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

மனைவிக்கு இதில் முழுச் சம்மதமா என்று கேட்டால், இல்லை. நான் வேலை விஷயமாகச் சியாட்டில் போகும் வாரங்களில் அவளும் குழந்தையும் மட்டும். அந்த இரவுகளில் நாலு நிமிஷம் நீளம்தான் என்கிறாள். குழந்தை கல்லூரிக்குப் போன பிறகு இதைத் திரும்பப் பேசலாம் என்று நான் சொன்னதற்கு, அதுவரைக்கும் திருடன் காத்திருப்பானா என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதைக்குக் கதவு, விளக்கு, தாழ்ப்பாள், 911. அடுத்த மாதம் பெண்களுக்கு மட்டும் ஒரு வகுப்பு, குறைந்த வெளிச்சத்தில் சுடும் பயிற்சியாம். அவள் பெயர் கொடுத்துவிட்டாள். அப்பாவுக்கு மே 14 டிக்கெட்.